பெயர் சொல்லாத ஜெபம்

ஐயா, எனக்குக் குரல் நன்றாக இருக்கும். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. தேவாலயத்தில் ஒலிபெருக்கி மக்கர் செய்கிற வாரங்களில்கூட, கடைசி பெஞ்சில் உட்காரும் காது மந்தமான பெரியவருக்கு நான் பேசுவது தெளிவாகக் கேட்கும். ஞாயிறு ஆராதனையில் விண்ணப்ப ஜெபம் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது அதனால்தான். பிழைப்புக்குத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆனால் ஊரில் யாரும் என்னைத் தையல்காரி என்று சொல்வதில்லை, ஜெப அக்கா என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. விண்ணப்ப ஜெபத்தில் யார் பெயரையும் சொல்லக் கூடாது. எனக்கு முன்னால் ஜெபம் சொன்ன பெண்மணி ஒருவருடைய குடிப்பழக்கத்தைப் பெயரோடு சொல்லி உருக்கமாக ஜெபித்துவிட்டார். அந்த மனுஷர் வாசலில் காத்திருந்து அந்த அம்மாவின் கணவரைச் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டார். அன்றைக்குப் போதகர் சொன்னதுதான் சட்டம்: கடவுளுக்குப் பெயர் தெரியும், நாம் எடுத்துக்கொடுக்க வேண்டியதில்லை.

நல்ல சட்டம்தான். நான் ஒரு நாளும் மீறியதில்லை. ஆனால் பெயரைச் சொன்னால் ஊர் ஒருவரைப் பார்க்கும், சொல்லாவிட்டால் ஒருவர் விடாமல் எல்லோரையும் பார்க்கும். ஒரு மழைக்காலத்தில், பிறர் பொருளைத் தெரியாமல் எடுத்துப்போனவர்களுக்காக ஜெபித்தேன். காணாமல் போன என் குடை மட்டும்தான் மனதில் இருந்தது. அடுத்த ஞாயிறு தேவாலய முகப்பில் குடைக் கடை வைத்த மாதிரி குடைகள் சாய்ந்து கிடந்தன. என்னுடையது மட்டும் அதில் இல்லை. இன்னொரு முறை மதுவுக்காக ஜெபித்தபோது நான் நினைத்த ஆளை விட்டுவிட்டு வேறு இரண்டு பேர் குடியை விட்டார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா அப்பா போன பிறகு அவளை நான்தான் வளர்த்தேன். எனக்கு வந்த வரன்களைத் தட்டிக்கழித்தது அவளுக்காகத்தான், அவள் அதைக் கேட்டதில்லை என்பதும் உண்மைதான். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பாள். நான் ஜெபித்து முடித்ததும் மெல்ல ஒரு சுரத்தைப் பிடிப்பாள். வீட்டிலும் அப்படித்தான். நான் பேசி முடித்தால் அவள் தொடங்குவாள். எங்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததே கிடையாது.

அப்புறம்தான் கடிகாரக்காரர் வந்தார். மணிக்கூண்டுக் கடிகாரம் பல வருஷங்களாக நின்றுபோயிருந்தது. அதைச் சரிசெய்ய வெளியூரிலிருந்து போதகர் அவரை வரவழைத்தார். என் கடைக்கு எதிரே ஒரு சிறிய அறையை வாடகைக்குப் பிடித்து, ஊர்க்காரர்களின் கைக்கடிகாரங்களையும் பழுதுபார்த்தார். ஒல்லியான மனுஷர், அதிராமல் பேசுவார். என் தங்கை அவருக்குத் தேநீர் கொண்டுபோகத் தொடங்கினாள். தேநீர் ஆறிவிடும் என்று ஓட்டமாகப் போவாள், காலிக் கோப்பையோடு திரும்பி வர அரைநாள் ஆகும்.

அவர் கெட்டவர் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஒருநாள் எங்கள் வீட்டு மேசையில் சாப்பிட்டுவிட்டு, தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, தன் முதல் மனைவி இறந்த விதத்தை என்னிடம் சொன்னார். பரணில் எதையோ எடுக்க அந்தப் பெண் ஏணியில் ஏறியிருக்கிறாள். கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். இவர் ஒரு கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இதோ வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

"நான் பிடிச்சிருந்தா அவ இருந்திருப்பாக்கா," என்றார். "அதுக்கப்புறம் கீழ ஒருத்தர் பிடிக்காம நான் எந்த ஏணியிலயும் கால் வச்சதில்ல."

அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன். மனம் இளகத்தான் செய்தது. அதே சாப்பாட்டு மேசையில்தான், கல்யாணம் முடிந்ததும் தங்கையைத் தன் ஊருக்கு அழைத்துப் போகப்போவதாகவும் சொன்னார். அது ரயிலில் ஒருநாள் தூரம். தங்கை ஈரக் கையோடு வந்து நின்று, "அடிக்கடி வருவோம்க்கா," என்றாள். வருவோம் என்றாள் ஐயா. வருவேன் என்று சொல்லவில்லை. எனக்கு அன்று வந்த பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு வீட்டில் ஒற்றைத் தட்டு கழுவுவது எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் என்று யோசித்தேன்.

எந்தத் திருமணமானாலும் எங்கள் தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிறுகள் அறிவிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்ல யாருக்காவது நியாயமான காரணம் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். என்னிடம் நியாயமான காரணம் எதுவும் இருக்கவில்லை. அதனால் நான் எழுந்திருக்கவில்லை.

ஆனால் அறிவிப்பு முடிந்தவுடன் விண்ணப்ப ஜெபம். அந்த வரிசையை நான் ஏற்படுத்தவில்லை, எனக்கு முன்பிருந்தே அப்படித்தான்.

முதல் ஞாயிறு, இனிய சொல்லை நம்பி ஏமாறுகிற பெண்களுக்காக ஜெபித்தேன். எந்த ஊரிலும் யாரும் ஆமென் சொல்லக்கூடிய ஜெபம். சபையில் சிலர் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். இரண்டாம் ஞாயிறு, கடந்த காலத்தை மறைத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் மனம் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அந்த வாரமே ரொட்டிக்கடைக்காரர் எதிர்க் கடைக்குப் போய்த் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பழுது பார்த்தாயிற்றா என்றுகூடக் கேட்கவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்கள். நெருப்பில்லாமல் புகையாது என்று என் கடையிலேயே வந்து சொன்னார்கள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அதுவும் சேர்ந்துகொண்டது. ஜெப அக்காவுக்குத் தெரியும், பாவம், சொல்ல முடியாமல் தவிக்கிறாள் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா.

அன்று தங்கை என்னிடம் கேட்டாள். "அக்கா, நீ யாருக்காக ஜெபிச்சே?"

"பேர் சொல்லக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன்.

அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாம் ஞாயிறு, வீட்டுக்குள்ளேயே உயிர் போய், எப்படிப் போனது என்று கேட்க ஆளில்லாத ஒரு பெண்ணின் ஆத்துமாவுக்காக ஜெபித்தேன். அவளை நினைத்து எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. குரல் உடைந்தது. தங்கை ஆர்கனில் கையை வைத்தாள், சத்தம் வரவில்லை.

மறுநாள் கடிகாரக்காரர் என் கடைக்கு வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அக்கா, உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்," என்றார். அவருக்காகத்தான் ஜெபிக்கிறேன் என்று பதில் சொன்னேன். பொய் இல்லை. அவர் தலையை ஆட்டினார். என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தெரியவில்லை. சபை விற்பனை நாளன்று மணிக்கூண்டுக் கடிகாரத்தை ஓடவிட்டே தீருவேன் என்றார்.

"அது ஓடினா எல்லாம் சரியாயிடும்க்கா. தினமும் பார்ப்பாங்க இல்ல?"

விற்பனை நாள் எங்கள் ஊருக்குப் பெரிய நாள். பின்னல் வேலை, பழைய புத்தகம், பூந்தொட்டி என்று மண்டபம் முழுக்க மேசைகள் போடுவார்கள். தேவாலயத்தைச் சுத்தம் செய்வதைப் பெண்கள் முறைவைத்துச் செய்வோம். அந்த வாரம் முறை என்னுடையதல்ல. மருந்துக்கடைக்காரர் மனைவியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவருக்கு மூட்டுவலி, நல்லதாகப் போயிற்று என்றார். பெஞ்சுகளைத் துடைத்தேன், பித்தளையை விளக்கினேன். மணிக்கூண்டின் அடியில் இருக்கும் கல்தரைக்கும் மெழுகு போட்டுத் தேய்த்தேன். அங்கே யாரும் வரப்போவதில்லை என்றாலும், செய்கிற வேலையைத் திருத்தமாகச் செய்ய வேண்டும் அல்லவா.

ஏணியைப் பிடித்துக்கொள்ள ரொட்டிக்கடைக்காரர் முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். அன்று காலையில் என்னிடம் வந்து, போவதா வேண்டாமா என்று கேட்டார். உங்கள் மனசாட்சி சொல்கிறபடி செய்யுங்கள் என்றேன். அவர் போகவில்லை.

மண்டபத்தில் கூட்டம் நிறைந்த பிறகு நான் மணிக்கூண்டுப் பக்கம் போனேன். தரை காய்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான். அவர் ஏணிக்கடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றிருந்தாரோ, கையில் இருந்த எண்ணெய்த் துணியை உருட்டி உருட்டிப் பந்தாக்கியிருந்தார். ஏணி பழையது, மிக உயரம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் எவ்வளவு தெளிந்தது தெரியுமா.

"அக்கா, கொஞ்சம் பிடிச்சுக்குறீங்களா?"

பிடித்துக்கொண்டேன். அவர் ஏறினார். மேலே இரும்பு உரசும் சத்தம் கேட்டது, தூசி விழுந்தது, பிறகு கடிகாரத்தின் பெரிய இதயம் துடிக்கத் தொடங்கிவிட்டது. மணி அடித்தது. வெளியே முற்றத்தில் ஜனங்கள் கை தட்டினார்கள். தேவாலயத்துக்குள் தங்கை ஆர்கனில் ஒரு பாட்டை முழு மூச்சாக வாசித்தாள். அவள் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. எனக்காக அவள் அப்படி வாசித்ததில்லை.

"ஓடுதுக்கா," என்று மேலிருந்து குரல் கொடுத்தார். இறங்குவதற்கு ஏணியில் கால் வைத்தார். ஒரு கால், மறு கால். அவருடைய முழுப் பாரமும் ஏணிக்கு வந்ததை என் உள்ளங்கையில் உணர்ந்தேன்.

இவ்வளவு வருஷம் நின்றிருந்த கடிகாரம் ஓடுகிறது. நன்றி சொல்ல வேண்டாமா. நான் ஜெபிக்கும்போது கைகூப்பாமல் இருந்ததில்லை ஐயா. சின்ன வயதிலிருந்து பழக்கம். இரண்டு கைகளையும் எடுத்துக் கூப்பினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் தரையில் கிடந்தார். பேச்சு மூச்சு இல்லை. அவரைத் தாண்டி, மெழுகில் வழுக்காமல் பார்த்து நடந்து, மண்டபத்துக்குப் போய்த் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. ரொட்டிக்கடைக்காரர்தான் மனசு கேட்காமல் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். நீ எங்கே இருந்தாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. தங்கை கேட்டாள். மண்டபத்தில்தான் என்றேன்.

மனசாட்சி உறுத்தித் தானே விழுந்துவிட்டார் என்று ஊரே முடிவுகட்டியது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கை இனி எங்கும் போக மாட்டாள் என்று நினைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைத்தேன். அவள் வரவில்லை, ஆனாலும் வைத்தேன்.

போன ஞாயிறு நான் ஜெபத்துக்கு எழுந்தபோது, ஆர்கன் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தங்கை எழுந்து நின்றாள். அவளுக்கு என் அளவு குரல் கிடையாது. ஆனால் அன்று கடைசி பெஞ்சுப் பெரியவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கீழ ஒருத்தர் பிடிக்காம அவர் ஏணியில ஏற மாட்டார். அன்னிக்கு ஏறினார். அந்த ஏணியைப் பிடிச்சிருந்த கைகளுக்காக ஜெபிப்போம்," என்றாள்.

அவர் அவளிடமும் சொல்லியிருக்கிறார். அது எனக்கு மட்டும் சொன்ன ரகசியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வழக்கமாக ஜெபம் என்றதும் எல்லோரும் தலை குனிவார்கள். அன்று யாரும் குனியவில்லை. ரொட்டிக்கடைக்காரர் மருந்துக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு எல்லோரும் என் கைகளைப் பார்த்தார்கள். நான் கூப்பித்தான் வைத்திருந்தேன்.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவராக வந்து, தைக்கக் கொடுத்த துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிப் போனார்கள். ஒருவரும் காரணம் சொல்லவில்லை. தங்கை பெட்டியோடு போய்ப் போதகர் வீட்டில் தங்கியிருக்கிறாள். நான் நடந்தது அத்தனையும் சொல்லிவிட்டேன். கையை எடுத்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் ஏணியை நான் பிடித்துத் தள்ளிவிட்டதாக இப்போது பேசிக்கொள்கிறார்களாம். அது சுத்தப் பொய் ஐயா. அதைத் திருத்தத்தான் நானாகவே உங்களைத் தேடிக் காவல் நிலையத்துக்கு வந்தேன். பெயரைக்கூடச் சொல்லாமல் ஒரு அப்பாவியின் மேல் இப்படி ஊரையே திருப்பிவிட முடியும் என்று எனக்குத் தெரியாது. என் தங்கைக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றுதான் புரியவில்லை.