கையில் தோல் இருப்பவர் பேசலாம்

டீ ஆறுவதற்குள் முடிகிற கூட்டம்தான் நல்ல கூட்டம். என் தகப்பனார் காலத்தில் எங்கள் தோல் பதனிடும் ஷாப்பில் எல்லாக் கூட்டமும் அப்படித்தான் முடிந்தது. அவர் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். அவருக்குப் பிறகு நான் சொன்னேன். வக்கார் அகமது பேசினால் நாற்காலி நகரும் சத்தம்கூடக் கேட்காது என்று ஆம்பூரில் சொல்வார்கள். விசாரித்துப் பாருங்கள், இன்ஸ்பெக்டர்.

அடுத்தவர் பேச்சில் நான் நடுவே புகுவேன் என்பது உண்மைதான். அதைக் குறுக்கீடு என்று அப்போது யாரும் சொன்னதில்லை. அந்த வார்த்தையைக் கொண்டுவந்தவள் என் தம்பி மகள் முபஷ்ஷிரா.

தம்பி ஆபித் பாஷா இறந்தபின் அவன் இடத்தில் அவள் வந்து உட்கார்ந்தாள். வந்த மாதமே விதிகள் போட்டாள். போன்களை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். கூட்டம் நடக்கும்போது வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது. உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு ஆட்டுத்தோல் மேஜையைச் சுற்றி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். நானும்.

முதல் கூட்டத்தில் சூப்பர்வைசர் மதியழகன் ஏதோ தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். திருத்தப் போனேன்.

“படே அப்பா, தோலு மதி அண்ணன் கையில இருக்கு,” என்றாள் சிரித்துக்கொண்டே. அவளுக்கு நான் பெரியப்பன்.

“அப்பா, பேஜாராவாதீங்க. உங்க டர்னும் வரும்,” என்றான் என் மகன் ஃபைஸான்.

மேஜையே சிரித்தது. மதியழகன் மட்டும் பயந்துபோய்த் தோலை என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை.

பொறாமையா என்று கேட்டீர்கள். அந்த வயது எனக்கில்லை. கவனித்தேன், அவ்வளவுதான். தோல் உலர்த்தும் பெண்கள் அவளை நிறுத்தி வீட்டுக் கதை பேசினார்கள். என்னைக் கண்டால் நகர்ந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் வியாபாரிகள் முதல் சலாமை அவளுக்கு வைத்தார்கள். டீ வந்தால் ஃபைஸான் முதல் கிளாஸை அவள் பக்கம் தள்ளினான். அவனுக்கு அவள் ஆபா, அதாவது அக்கா. சாப்பிடும்போதுகூட “ஆபா இப்படிச் சொன்னாங்க, ஆபா அப்படிச் சொன்னாங்க” என்பான். நான் என்ன சொன்னேன் என்று அவன் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு கழிவுநீர்த் தொட்டி. சுவரில் விரிசல் இருந்தது. இறங்கிப் பார்க்க ஆட்கள் தயங்கினார்கள். நானாக இருந்தால் ஒரு அதட்டில் இறக்கியிருப்பேன். அவள், “மொதல்ல நான் எறங்குறேன். எனக்கு ஒண்ணும் ஆவலன்னா நீங்க வாங்க,” என்றாள். ஆட்கள் கைதட்டினார்கள். எங்கள் வீட்டுப் பெண் கூலியாட்கள் பார்க்க ஏணியில் இறங்குவாளாம், அதற்குக் கைதட்டல்.

தொட்டியை வடித்தபின் இரவு முழுக்க ப்ளோயர் ஓட வேண்டும். உள்ளே தேங்கிய விஷவாயுவை அதுதான் வெளியே தள்ளும். காலையில் அதை நிறுத்திவிட்டுத்தான் இறங்குவார்கள். ஆகவே அவள் இறங்கவிருந்த அன்று காலை சத்தமில்லாமல் இருந்தது யாருக்கும் சந்தேகம் தரவில்லை.

நான் கூட்டத்துக்குச் சற்றுத் தாமதமாகப் போனேன். ஃபிட்டர் கன்னியப்பன் வாசலில் தவித்துக்கொண்டிருந்தான். உள்ளே போக அவனுக்கு அனுமதியில்லை. கூப்பிடலாம் என்றால் எல்லா போனும் கூடையில்.

“பெரிய பாய், ராத்திரியே ப்ளோயர் பெல்ட் அறுந்துபோச்சு. ஓடவே இல்ல. தொட்டில எறங்க வேணாம்னு பாப்பாகிட்ட சொல்லிடுங்க.”

“நான் சொல்லிக்கிறேன். நீ வேலூர் போய் பெல்ட் வாங்கிட்டு வா.”

நிம்மதியாகப் போனான். நானும் சொல்லத்தான் நினைத்தேன்.

உள்ளே முபஷ்ஷிரா பேசிக்கொண்டிருந்தாள். “அந்தத் தொட்டி...” என்று ஆரம்பித்தேன். அவள் கையிலிருந்த தோலை உயர்த்திக் காட்டினாள்.

“ரெண்டே நிமிஷம், படே அப்பா. முடிச்சிடறேன்.”

ஃபைஸான் எழுந்து, நடக்க முடியாதவருக்குச் செய்வதுபோல என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான்.

நான் இங்கேயே நிறுத்திக்கொண்டால், தான் போட்ட விதியாலேயே அவள் செத்தாள் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லும் வழக்கமில்லை. தோல் என் கைக்கு வந்தது. அவளே எழுந்து வந்து இரண்டு கையாலும் கொடுத்தாள்.

“சொல்லுங்க படே அப்பா. என்னமோ சொல்ல வந்தீங்களே.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்படி ஓர் அமைதியை அந்த அறையில் கேட்டு நெடுநாளாகியிருந்தது. தோலைத் திருப்பிப் பார்த்தேன். “நல்லாப் பதமாயிருக்கு. பாலிஷ்தான் கொஞ்சம் ஜாஸ்தி,” என்றேன். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தேன்.

கூட்டம் முடிந்து அவர்கள் தொட்டிப் பக்கம் போனார்கள். நான் என் டீயைக் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் கூச்சல் கேட்டது.

கன்னியப்பனை விட்டுவிடுங்கள். என்னிடம் சொன்னதாக அவன் சொல்வது உண்மை. ஒரு பெல்ட் அறுந்து எங்கள் வீட்டுப் பெண் செத்தாள் என்று ஊர் பேசுவது எனக்குக் கௌரவமில்லை. அவள் இறங்குவாள் என்று தெரியும். இறங்கினால் ஏறமாட்டாள் என்றும் தெரியும். தெரிந்துதான் பேசாமல் இருந்தேன்.

ஃபைஸான் விஷயத்தில்தான் உங்கள் சாட்சிகளை நான் ஏற்கவில்லை. அவள் விழுந்ததும் அவன் ஓடினானாம். மதியழகன் இடுப்பைக் கட்டிப் பிடித்தும் உதறிவிட்டு உள்ளே இறங்கினானாம். அவனும் ஏறவில்லை. யாரோ தள்ளியிருக்க வேண்டும், அதைச் சரியாக விசாரியுங்கள். என்னைக் கேட்காமல் ஓர் அடி எடுத்துவைக்கிற பிள்ளையில்லை அவன்.