பினாங்கில் பூட்டோடு ஒரு நாள்

1958 தை மாதம், திண்டுக்கல்லிலிருந்து சின்னாளபட்டி செல்லும் பேருந்து. முன் இருக்கையில், சிங்கப்பூர் போய் வந்த பெண் தன் தங்கையிடம் சொன்னாள்:

"கப்பல் கெட்டதுதான்டி நல்லதாப் போச்சு. இஞ்சினைச் சரிபண்ண பினாங்குல ஒரு நாள் நிறுத்திட்டாக. ஊரைப் பாக்க எறங்குனா, ஒன் மச்சான் பூட்டுப் பட்டறைக்காரராச்சே, ரூமுப் பூட்டை இழுத்துப் பாத்தோமான்னு மூணு தரம் கப்பலுக்குத் திரும்பிட்டாரு."

"அப்புறம்?"

"நாலாந்தரம் நானே போயி பூட்டைக் கழட்டியாந்து அவரு கையில குடுத்துட்டேன். இனி சந்தேகம் வராதுல்ல?"

"அப்ப ரூமு?"

"தெறந்துதான் கெடந்துச்சு. உள்ள என்ன, ரெண்டு வேட்டி."

"மச்சான் வையலயா?"

"செத்த நேரம் வஞ்சாரு. பெறகு கடல்ல காலை நனைச்சாரு. சாயங்காலம் கப்பல் ஊதுறப்ப, 'அதுக்குள்ள சரியாயிருச்சா'ங்குறாரு."