மகாராணிக்குப் போட்ட வேலி

மெதுவாக் கழட்டுப்பா, கம்பி கையக் கிழிச்சிடும்... இத்தன வருசமா இந்த வேலிக்குள்ள ஒரு ஆட்டக்கூட விடாம காவல் காத்தவ நான். இப்ப நீ ஸ்பானரோட வந்து நிக்கிற, உனக்கு நானே கம்பியப் பிடிச்சு விடுறேன். என் நேரத்தப் பாத்தியா!

எல்லாம் இந்த வெள்ளப் பூவால. மகாராணின்னுதான் நான் கூப்பிடுவேன். பாரு மூஞ்சிய! மூக்குத்தி அளவுகூட இல்ல. வாசனையா? ம்ஹூம். உலகத்துலயே இந்த மேட்டுலதான் இருக்காம், அழியப் போகுதாம். அதுக்கு வேலி, போர்டு, வெயிலுக்கு வலை... வெயிலுக்கு வலைப்பா! நான் ஒரு குடை கேட்டேன், பாக்கலாம்னாங்க. இன்னும் பாத்துக்கிட்டே இருக்காங்க.

அந்த மஞ்சப் பூ இருந்துச்சு பாரு, அது நல்ல புள்ள. யாரும் கேக்காமலே பூக்கும். தண்ணி ஊத்தலன்னு கோவிச்சுக்காது. அதுக்கு என்ன மரியாதை? "களைம்மா, பிடுங்கிடுங்க"ன்னு, மகாராணிய ஆராய்ச்சி பண்ற மேடம் சொன்னாங்க. வேலிக்குள்ள மட்டும்னுதான் சொன்னாங்க. நான்தான், சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறாள்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு மேடு முழுக்கப் பிடுங்கினேன். வேலைன்னா சுத்தமா இருக்கணும்ல?

அதோட விட்டேனா? மகாராணி விதையெல்லாம் ஒரே இடத்துல கொட்டி வீணாப் போகுதேன்னு, பையில அள்ளிட்டுப் போய் சரிவெல்லாம் தூவி விட்டேன். கொழுப்பு! மொளச்சுத் தொலச்சிருக்கு பாரு, எங்க திரும்பினாலும் மகாராணி. மேடத்துக்கு சந்தோசம் தாங்கல. "இனி இதுக்கு ஆபத்தே இல்லம்மா, உங்க கைராசி"ன்னு கட்டிப் பிடிச்சாங்க. கட்டிப் பிடிச்ச கையோட, வேலியும் வேணாம், காவலும் வேணாம்னுட்டாங்க. வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான் வருது. அதுல நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன். நல்ல கைராசி!

என்ன, சிரிக்கிற? சிரி, சிரி. இன்னும் கேளு. மத்த எடமெல்லாம் கட்டடமாயி, இப்ப மஞ்சப் பூ எங்கயும் இல்லையாம். இங்கயாவது இருக்கான்னு நாளைக்கு மேடம் ஆளுங்க பாக்க வராங்க. ஒத்தச் செடி இருந்தாலும் வேலி போட்டு காவலுக்கு ஆள் வைப்பாங்களாம். பழைய ஆளையே வைப்பாங்களாம்! இருக்குப்பா... என் கைக்குத் தப்பி ஒண்ணே ஒண்ணு இருக்கு. காலைல பாத்ததும் அழுதே புட்டேன். மொட்டு விட்டிருக்கு. தோ, இந்த மூலைக் கம்பிக்குக் கீழதான்...

தம்பி. நீ எது மேல நிக்கிற?