இடப்பக்கம் சுழன்ற நத்தை

வீட்டில் சர்க்கரை இருக்கும் டப்பாவில் ‘உப்பு’ என்று எழுதியிருந்தால் எனக்கு அன்று சாப்பாடு இறங்காது. அருங்காட்சியகத்தில் முப்பது வருடம் நத்தைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவனுக்கு வருகிற வியாதி இது. விசாரணைக் குழுவினர் நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து எழுதிய அறிக்கையைப் படித்தேன். நல்ல நடை. நான்காம் பக்கத்தில் குற்றவாளி யார் என்பது மட்டும் தவறு. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

முதலில் நத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், கைவிட்ட கல்குவாரி ஒன்றின் ஊற்றுக் குட்டையில் அதைக் கண்டேன். சுண்டுவிரல் நகம் அளவுதான். மற்ற குளத்து நத்தைகளின் ஓடெல்லாம் வலப்பக்கம் சுழல, இது மட்டும் பிடிவாதமாக இடப்பக்கம் சுழன்றது. வேறெங்கும் தேடினேன், இல்லை. புது இனம் என்று கட்டுரை எழுதி, என் மனைவியின் பெயரை வைத்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் சொல்வாள்: “மத்தவங்க பொண்டாட்டிக்கு வளையல் வாங்கிக் குடுப்பாங்க. இவர் எனக்கு நத்தை புடிச்சுக் குடுத்தார்.” எல்லோரும் சிரிப்பார்கள். நான் ஒரு சுற்றுப் பெருத்துவிடுவேன்.

பந்திக்கு முந்து என்பதுதான் எங்கள் துறையின் சட்டமும். ஒரே உயிருக்கு இரண்டு பேர் பெயர் வைத்திருந்தால் முதலில் வைத்ததுதான் நிற்கும். பிந்தியது புத்தகத்தில் பொடி எழுத்துக்குப் போய்விடும்.

பக்கத்து அறை ஆராய்ச்சியாளரை நாங்கள் பூதக்கண்ணாடி என்போம். கழுத்தில் எந்நேரமும் ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார். அவர் குட்டையிலிருந்து பன்னிரண்டு நத்தைகளைக் கொண்டுவந்து கண்ணாடித் தொட்டியில் வளர்த்தார். ஒரு மதியம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க நத்தை போட்ட முட்டையில பாதிக் குட்டி வலப்பக்கம் சுத்துது.”

“அதனால?”

“இது தனி இனமே இல்ல சார். சாதாரணக் குளத்து நத்தைதான். நம்மள்ல இடக்கைக்காரங்க இருக்காங்கல்ல, அந்த மாதிரி. இன்னொரு தலைமுறை பாத்துட்டு எழுதலாம்னு இருக்கேன். முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன். கட்டுரையில உங்க பேரையும் சேத்துக்கலாம்.”

தங்கமான பெண். அவருக்குக் காபி வரவழைத்தேன்.

குளத்து நத்தைக்கு நூறு வருடம் முன்பே யாரோ ஒரு புண்ணியவான் தன் மேலதிகாரியின் பெயரை வைத்துவிட்டுப் போயிருந்தார். என் மனைவி பொடி எழுத்துக்கு இறங்க, அவள் இடத்தில் ஒரு மேலதிகாரி வந்து உட்காரப் போகிறார். கொஞ்சம் நீங்களே யோசித்துப் பாருங்கள்.

செத்த ஓட்டை வைத்து இதை யாரும் நிரூபிக்க முடியாது. உயிரோடு இருப்பது முட்டையிட வேண்டும்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகப் பூதக்கண்ணாடி ஒரு வாரம் லீவில் போனார். தொட்டி அறைச் சாவியை என்னிடம்தான் தந்தார். “நீங்க பாத்துக்கிட்டா எனக்குக் கவலையில்ல சார்.”

உரக்கடையில் மயில்துத்தம் கேட்டேன். “தோட்டத்துக்கா?” என்றார் கடைக்காரர். “நத்தைத் தொல்லை” என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயில். குட்டைக்கு மூன்று மூட்டை பிடித்தது. தண்ணீர் நீலமாகி, பார்க்க அழகாகவே இருந்தது. இரண்டு நாள் கழித்துப் போய்க் கரையோரம் ஒதுங்கியதை எண்ணினேன். நாலாயிரத்துச் சொச்சம் நத்தைகள். தவளைகளும் கிடந்தன, அவை என் பிரிவு அல்ல. தொட்டிக்கு ஒரு கரண்டியே போதுமானதாக இருந்தது, குட்டிகளையும் சேர்த்து.

அழிந்த இனங்களின் பட்டியலில் என் நத்தை ஏறியது. இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேசினேன். இரண்டு பேர் அழுதார்கள். தொட்டியில் விஷம் இருந்ததால், சாவி என்னிடம் இருந்தது என்று பூதக்கண்ணாடி சொன்னதை நம்பாமல், நீங்கள் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தீர்கள். மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். அறிக்கை வரட்டும், பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம் என்று. அவசரப்படுவது என் சுபாவத்தில் இல்லை.

நேற்று மனைவியிடம் சொன்னேன். துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்காகவா செஞ்சீங்க?”

“ஆமா.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நத்தைக்குப் பேரு போனா நான் என்ன தேஞ்சா போயிடுவேன்? அந்தப் பொண்ணு முகத்துல இனிமே எப்படி முழிப்பேன்?”

மடித்த துணியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு எங்கள் துறையின் நுட்பங்கள் புரியாது.

பூதக்கண்ணாடியை நாளைக்கே வேலைக்குக் கூப்பிட்டுவிடுங்கள். கெட்டிக்காரர். அவர் கண்டுபிடித்தது சரிதான். ஆனால் உயிருள்ள நத்தை இல்லாமல் அவருடைய குறிப்பேடு மட்டும் சான்றாகாது. பெயரிடும் விதிகளைப் பார்த்துவிட்டேன். நான் சிறைக்குப் போனாலும் பெயர் நிற்கும்.

வருத்தம் உண்டா என்று கேட்கிறீர்கள். அந்த நத்தையை உயிருக்கு உயிராக நேசித்தவன் நான் ஒருவன்தான். எவரோ வைத்த பெயரில் அது உயிரோடு இருப்பதைவிட, நான் வைத்த பெயரில் இல்லாமல் இருப்பதுதான் அதற்கு மரியாதை.