ஒரு துண்டும் மிஞ்சாத ரொட்டி

லுணுகலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தங்கம்மாவும் அவளுடைய நாத்தனார் பார்வதியும் இருந்தார்கள். பதுளை ஜெயிலில் இருப்பதால் தங்கம்மாவின் புருஷன் மாரிமுத்து அவர்களோடு இல்லை. தங்கம்மாவின் காதில் தோடும் இல்லை. இருவரும் ரகசியம்தான் பேசினார்கள். பஸ் போட்ட சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"ஒங்கண்ணனுக்குக் கொண்டுபோன ரொட்டிய ஜெயில் கேட்டுல நிக்கிற காவலரு தின்னுட்டாரு."

"கஞ்சா வச்ச ரொட்டியவா, மதினி? உள்ள விடச்சொல்லி அவருக்குத்தானே இருபது ரூபா குடுத்தீங்க?"

"அவரேதான். புதுசா வந்த பெரிய ஐயா கேட்டுலயே நிக்கிறாரு. உள்ள போற சாப்பாட்ட காவலருங்க மொதல்ல தின்னு காட்டணுமாம். பிச்சா கஞ்சா வெளிய தெரிஞ்சிரும்னு, மனுசன் முழுசா முழுங்கிட்டு 'நல்ல ருசி, சேர்'ங்கிறாரு."

"அப்பறம்?"

"நானும் ஒங்கண்ணனும் பேசக் காத்துக்கிட்டிருக்கையில காவலரு சிரிக்க ஆரம்பிச்சாரு. பெரிய ஐயாவ 'மச்சான்'னு கட்டிப் புடிச்சாரு."

பார்வதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயா கண்டுபிடிச்சிட்டாரா?"

"சந்தேகந்தான். ஆனா சாட்சி வயித்துக்குள்ள போயிருச்சே! என்னையப் போகச் சொல்லிட்டாரு. நான் கெளம்புறேன், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்னு ஒங்கண்ணன் கத்துறாரு: 'ஐயா, என் கஞ்சா பூராத்தையும் இந்தாளு தின்னுட்டான், என்னன்னு கேளுங்க!'"

"ஐயோ, எங்கண்ணனா!"

"ஒங்கண்ணனேதான். காவலருக்கு வேலை போச்சு. எனக்குக் கோர்ட்டுல தண்டம்."

"தோடு அதுக்குத்தான் போச்சா? எவ்வளவு மதினி?"

தங்கம்மா வெறுங்காதைத் தடவிக்கொண்டாள். "தண்டம் இருநூறு. கேட்டுல குடுத்ததையும் சேத்தா, அந்த ஒத்த ரொட்டி இருநூத்தி இருபது ரூபா."