அண்ணனுக்கு ஒத்துக்கொண்டால் எனக்கும்

என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் வயதைத்தான் கேட்பார்கள். நீங்களும் கேட்டீர்கள். அறுபத்தெட்டு என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தீர்கள். எனக்கு அது பழகிப்போன விஷயம். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் உள்ளம் கொஞ்சம் குளிரத்தான் செய்கிறது.

நான் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவன். அடுக்குமாடி வீடுகள், ஆஸ்பத்திரிகள், கடைவளாகங்கள் என்று எங்கெங்கே மனிதர்கள் பெட்டிக்குள் நின்று மேலே போகிறார்களோ அங்கெல்லாம் போய்ச் சோதித்துச் சான்று கொடுக்கிற வேலை. கம்பி அறுந்த பிறகு ஓடிவர ஆயிரம் பேர் உண்டு. அறுவதற்கு முன்னால் போய் நிற்கிறவனை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஓய்வு பெற்றதும் அதே கண்ணோடு என் உடம்பைப் பார்க்க ஆரம்பித்தேன். நோய் வந்த பிறகு மாத்திரை போட்டால் அது ரிப்பேர். வருவதற்கு முன்பே போட்டால் பராமரிப்பு. இதில் தப்பு இருப்பதாக நீங்களே சொல்ல மாட்டீர்கள்.

வைட்டமின், மீன் எண்ணெய் என்று சாதாரணமாகத்தான் தொடங்கினேன். கொஞ்ச நாளில் என் அறை அலமாரியில் துணி வைக்க இடமில்லாமல் போயிற்று. அண்ணன் அதற்கு 'மளிகைக் கடை' என்று பெயர் வைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் கூட்டிவந்து காட்டுவார். அவர் கேலியில் எப்போதும் விஷம் இருந்ததில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளராக இருந்தார். ஓய்வுக்குப் பிறகும் காலையில் போய்விடுவார். தண்ணீரைக் கண்டால் நடுங்குகிற பெரியவர்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பார். வழுக்கைத் தலையோடு ஒரு பல் டாக்டர், தொப்பையோடு ஒரு பேருந்து ஓட்டுநர், எல்லோரும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கைக்குழந்தை மாதிரி தொங்குவார்கள். "விட்டுட மாட்டீங்களே" என்று கேட்பார்கள். அவர் யாரையும் விட்டதில்லை. கண்டதையும் சாப்பிடுவார், படுத்த உடனே தூங்குவார், ஆயுளில் ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். எனக்கு அதில் பொறாமை இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. வியப்பு இருந்தது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன், அண்ணி, நான் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணி எழுந்திருக்க நேரமாகும். அதனால் காலைக் காபி என் பொறுப்பு. அண்ணனுக்குக் கெட்டியாக, கசப்பாக, சர்க்கரை அள்ளிப் போட்டு வேண்டும்.

வைட்டமினோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நான் படிக்கிறவன். ஆயுளைக் கூட்டும் என்று சிலர் நம்புகிற மருந்துகள் வேறு வகை: சர்க்கரை நோய்க்காரர்கள் போடுவது, கொழுப்பைக் குறைப்பது, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது. எங்கள் டாக்டரிடம் கேட்டேன். சின்னப் பெண், பொறுமைசாலி. எனக்கு நோயே இல்லை, நோய் இல்லாதவர்களுக்கு இதனால் ஆயுள் கூடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை, கெடுதல் வரலாம் என்றார். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார்.

"ஒருத்தருக்கு ஒத்துக்கறது இன்னொருத்தருக்கு ஒத்துக்காது சார். உங்க உடம்பு என்ன பண்ணும்னு போட்டுப் பாத்தாத்தான் தெரியும். அந்த விளையாட்டு வேண்டாம்."

போட்டுப் பார்த்தால்தான் தெரியும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். புது லிஃப்ட்டில் நாங்கள் எடுத்த எடுப்பில் ஆளை ஏற்ற மாட்டோம். மணல் மூட்டையை ஏற்றி ஓட்டிப் பார்ப்போம். என் உடம்புக்கு மிக நெருக்கமான உடம்பு உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அது மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

முதலில் அவரிடம் நேராகவே கேட்டேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். சேர்ந்தே போடலாம் அண்ணா என்றேன். அவர் சிரித்துவிட்டு, நூறு வயது வரை இருந்து உன் மளிகைக் கடையைத்தான் பார்க்க வேண்டுமா என்று போய்விட்டார். ஆக, கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சர்க்கரை மாத்திரையில் தொடங்கினேன். பொடித்துப் போட்டால் அந்தக் காபியில் எதுவும் தெரியாது. கொஞ்ச நாள் வயிறு சரியில்லை என்றார். குளத்துக் கேன்டீன் பலகாரத்தைத் திட்டினார். பிறகு சரியாகிவிட்டது, இடுப்பும் குறைந்தது. அண்ணி அவருக்குப் புதுச் சட்டை வாங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் நான் அந்த மாத்திரையை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தேன். இன்றுவரை எனக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது.

கொழுப்பு மாத்திரை அப்படி இல்லை. அண்ணனுக்குத் தொடை வலிக்க ஆரம்பித்தது. படியேறும்போது கைப்பிடியைப் பிடித்தார். ஆழமான பக்கம் போவதை நிறுத்திவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் குளத்துக்குக் கூட்டிவரப் போயிருந்தேன். துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "வயசாயிடுச்சுடா" என்றார். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்றே முடிவு செய்தேன், அந்த மாத்திரை எனக்கு வேண்டாம் என்று. அவருக்கு நிறுத்தினேனா என்றால், இல்லை. போகப்போக உடம்பு பழகிக்கொள்ளுமா என்று தெரிய வேண்டியிருந்தது. பாதியில் விட்ட சோதனையால் யாருக்கும் பயன் இல்லை.

ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை கடைசியாக வந்தது. எந்தக் கடையில் வாங்கினேன் என்பது வேண்டாமே. கடைக்காரர் நல்ல மனிதர், என்னை நம்பிக் கொடுத்தார். அண்ணன் முழங்கையிலும் தொடையிலும் நீலமாகத் திட்டுத் திட்டாக வந்தது. எங்கே இடித்துக்கொண்டோம் என்று அவருக்கே தெரியவில்லை. பல் துலக்கினால் ரத்தம். அண்ணி பயந்துபோய் டாக்டரிடம் போகச் சொன்னார்.

அண்ணன் போகவில்லை. என் அறைக்கு வந்தார். கதவருகிலேயே நின்றார். அந்த மனிதர் தயங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்டா. எல்லாம் ஒண்ணா வருது. உன் மளிகைக் கடையில எனக்கு ஏதாவது இருக்கா?"

நான் அவரை உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். யோசித்துப் பாருங்கள், அவரே வேறு ஏதாவது மாத்திரை போட ஆரம்பித்தால் எது எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது?

"உங்களுக்கு எதுக்குண்ணா மாத்திரையெல்லாம்? நல்லா சாப்பிடுங்க, சரியாயிடும்" என்றேன்.

"டாக்டர்கிட்டப் போகணும்கறா உன் அண்ணி."

"போனா இல்லாததெல்லாம் இருக்கும்பாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அவர் முகம் தெளிந்தது. என் தோளைத் தட்டிவிட்டு எழுந்து போனார். அன்று இரண்டு வாய் கூடுதலாகவே சாப்பிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் குளத்தின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை. எழுந்து, பல் டாக்டரிடம் ஏதோ ஜோக் அடித்தாராம். அரை மணி நேரத்தில் பேச்சு குழறியது. நானும் அண்ணியும் போனபோது ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் படுக்க வைத்திருந்தார்கள். தலைக்குள் ரத்தம் கசிகிறது, இவ்வளவு கசியக் கூடாதே என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அவர் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை போடறாரா? சொன்னா அதை முறிக்க மருந்து கொடுத்துடலாம்."

"அவர் காய்ச்சலுக்குக்கூட மாத்திரை போட்டதில்ல" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் மருந்து தெரிந்தவன் நான் என்பதால் பார்த்தார்.

"இல்ல டாக்டர். எதுவும் போடல" என்றேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் எல்லோரும் நின்றுவிடுகிறீர்கள். அவ்வளவு நேரம் இருந்ததே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அண்ணனைத் தெரியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். மாத்திரை தொடாத உடம்பு என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. அண்ணி முன்னால், கடைசி நேரத்தில், அதைப் போய் உடைக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் மதியம் அவர் போனார். பெருமை குலையாமல் போனார்.

பிறகு ஆஸ்பத்திரிக்காரர்களே ரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். போலீஸ்காரர்களோடு நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை. அலமாரியைத் திறந்து காட்டி, எதை எப்போது காபியில் கலந்தேன் என்று நானே சொன்னேன். நீங்கள் பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணி சமையலறை வாசலில் நின்றிருந்தார். அழவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்.

"தம்பி, நானும் அந்தக் காபியத்தானே தினமும் குடிச்சேன்?"

பாவம், பயந்துவிட்டார் என்று புரிந்தது. ஆறுதல் சொல்ல வேண்டியது என் கடமை. அவர் காபியில் ஒன்றும் கலக்கவில்லை, கவலையே வேண்டாம் என்றேன். அப்படியும் அவர் முகம் மாறாததால் காரணத்தையும் சொன்னேன்.

"நீங்க வேற ரத்தம் அண்ணி. உங்களுக்குக் கொடுத்து எனக்கு என்ன தெரியப்போகுது?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து கதறிவிட்டார். அதற்கு ஏன் அப்படி அழுதார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.