அடியில் படுத்திருப்பவர்

இரவு பதினொன்று தாண்டியிருக்கும். ஊர் முடிந்த பிறகும் முடியாமல் நீளும் ஒரு சாலை... ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள். மறுபக்கம் ஒன்றுமே இல்லை. விளக்கும் இல்லை. இது நடந்தது என் நண்பனுடைய மாமாவுக்கு. எனக்கு நடந்திருந்தால் இப்போது இங்கே இருக்க மாட்டேன், இன்னமும் ஓடிக்கொண்டிருப்பேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உங்களுக்காகத்தான் சொல்கிறேன், எனக்காக இல்லை.

மாமா ஓட்டிப்போனது அவருடைய அண்ணனின் கார். இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. நிறுத்தினால் எண்ணெய் ஒழுகும். அதைச் சரிசெய்யப் போராடிப் போராடியே அண்ணன் போய்ச்சேர்ந்தார். ஷெட்டில், காருக்கு அடியில், மாரடைப்பு. ஸ்பானரைக் கையிலிருந்து பிரிக்கவே பெரும்பாடாகிவிட்டது.

அதன்பின் அண்ணி தூங்கவில்லை. ராத்திரியானால் ஷெட்டில் இரும்பு உரசுகிறது என்றார்.

"வண்டி போனாதான் அவரும் போவாரு தம்பி. எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் கிடைச்சா போதும்."

வாங்க ஒருவர் வந்தார். தரையில் எண்ணெய்ச் சொட்டைப் பார்த்ததும் திரும்பிப் போனார். மாமா மறுபடி கெஞ்சியதில், நாளைக் காலையில் ஒழுகாமல் இருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றிருந்தார்.

மாமா என்ஜின் மூடியைக் கழற்றி, இடுக்கில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டார். கசிவைக் கண்டுபிடிக்க அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். என்ஜினைப் பளிச்சென்று துடைத்து, முகப் பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டுவது. எங்கே கசிகிறதோ அங்கே வெள்ளையில் கறுப்புக் கோடு விழும். மாமா தன் மனைவியின் பவுடர் டப்பாவை அப்படியே கவிழ்த்தார்.

"என் மூஞ்சிக்கு ஒரு டப்பா வாங்கித் தந்ததில்ல. அதுக்கு மட்டும் அலங்காரம்," என்றார் அத்தை.

சரி... அந்தச் சாலை. ஓரத்தில் நிறுத்தி பானட்டைத் திறந்தார். சூடான இரும்பு ஆறும் சத்தம். டிக்... டிக். காய்ந்த எண்ணெய் நாற்றத்தோடு குளிப்பாட்டிய குழந்தையின் வாசனை. டார்ச் அடித்தார். எல்லாம் வெள்ளை. மூடியின் ஒரு மூலையில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

மாமாவுக்கு ஒரு வியாதி. கசிந்தால் இறுக்குவார். இன்னும் கசிந்தால் இன்னும் இறுக்குவார். அளவுக்கு மேல் இறுக்கினால் கேஸ்கெட் பிதுங்கிவிடும், கசிவுதான் கூடும். அண்ணன் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் மண்டையில் ஏறவில்லை. அதனால் அண்ணன் அடியில் படுத்திருக்கும்போது மாமா மேலே மும்முரமாக இறுக்கினால், கீழிருந்து இரண்டு தட்டு வரும். போதும்டா என்று அர்த்தம்.

மாமா ஸ்பானரை மாட்டி முழுப் பலத்தோடு இறுக்கினார்.

டக்... டக்.

கை தானாக நின்றது. பழக்க தோஷம். கொஞ்சம் தளர்த்தியும் விட்டார். அப்புறம்தான் உறைத்தது...

குனிந்து பார்க்கவில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள், சும்மா வீரம் காட்டாதீர்கள்.

டார்ச்சை அந்த மூலைக்குத் திருப்பினார். கறுப்புக் கோடு இறங்காமல் நின்றிருந்தது.

மாமா என்ஜினைப் பார்த்தபடியே பேசினார். "அண்ணா... அண்ணி தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? வண்டியோட போயிடுண்ணா."

அடியில், சரளைக்கல்லில் துணி இழுபடும் சத்தம்... அதுவும் அடங்கியது.

காலையில் தரையில் ஒரு சொட்டு இல்லை. வாங்கியவர் சந்தோஷமாக ஓட்டிப் போனார். அன்று அண்ணி படுத்தவர் மறுநாள் மதியம்வரை எழவில்லை. பயந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார்கள். குறட்டை வந்தது. மாமா வெளியே போய், யாருக்கும் தெரியாமல் அழுதார்.

ஒரு வாரம் கழித்து வாங்கியவர் போன் செய்தார்.

"வண்டி அருமையா ஓடுதுங்க. அப்புறம்... உங்க ஆளு ஒண்ணு கேக்கச் சொன்னாரு. அவ நல்லா தூங்குறாளான்னு."

"எந்த ஆளு?"

"நீங்க அனுப்பின மெக்கானிக்குதாங்க. வண்டிக்கு அடியிலதான் படுத்திருக்காரு. போனை அவர்கிட்ட குடுக்கட்டுங்களா?"